முதல் சீட்டுக்கா அதிர்ஷ்டம்? கடைசிச் சீட்டுக்கா?

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், பட்டுக்கோட்டைக்குத் தென்கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது அதிராம்பட்டினம். ஒரு பக்கம் வயலும் தென்னந்தோப்பும். மறு பக்கம் உப்பளமும் மீன்பிடி படகுகளும். முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர். கடல் கடந்து வாணிபம் செய்து பேர் எடுத்த ஊர். 1955-ம் ஆண்டில் தொடங்கிய காதிர் முகைதீன் கல்லூரி இங்கேதான் இருக்கிறது.

ஹஜ் யாத்திரைக்கு மனுப் போடும் காலம் வந்துவிட்டால், இப்படிப்பட்ட ஊர்களில் ஒரே பேச்சுத்தான். "குர்ஆவில் பேர் விழுமா?" என்பதே அது.

குர்ஆ என்றால் குலுக்கல். போக விரும்புகிறவர்கள் அதிகம். இடமோ குறைவு. அப்படிப்பட்ட ஆண்டுகளில், 2002-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஹஜ் குழு, குலுக்கல் மூலம் யாத்ரீகர்களைத் தேர்ந்தெடுக்கிறது. இப்போது கையால் குலுக்குவது இல்லை. கம்ப்யூட்டர் குலுக்குகிறது. ஒரு குடும்பத்தார் சிலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம். அதை 'ஒரே கவர்' என்பார்கள். கவருக்கு ஒரு நம்பர். அந்த நம்பர் விழுந்தால், அதில் உள்ள எல்லோரும் போகலாம். விழாவிட்டால், எல்லோரும் வீட்டில்தான்!

இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது.

ஒரு வீட்டில் அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக் கொள்வோம். அண்ணனுக்குக் கண் மங்கல். தம்பி கையைப் பிடித்தால்தான் கூட்டத்தில் நடப்பார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

"காக்கா! ரெண்டு பேரும் ஒரே கவர்ல போடுவோமா? தனித்தனியாப் போடுவோமா?"

"தனித்தனியாப் போடுவோம், தம்பி. ரெண்டு சீட்டு இருந்தா ஒண்ணாவது விழும்ல?"

அண்ணன் சொன்னது சரியா? சரிதான். ஆனால் பாதிதான் சரி! மீதிப் பாதியைத் தெரிந்து கொள்ள, ஐந்து புளியங்கொட்டை போதும்.

புளியங்கொட்டைக் கணக்கு

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையைத் திண்ணையில் உரசி வெள்ளையாக்குவார்கள் அல்லவா? அதுபோல, ஐந்து கொட்டையில் இரண்டை மட்டும் இரு பக்கமும் உரசி வெள்ளையாக்குங்கள். மூன்று கறுப்பு. ஐந்தையும் ஒரு செம்பில் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள்.

வெள்ளை வர வாய்ப்பு எவ்வளவு? 5-ல் 2. இதில் யாருக்கும் சந்தேகம் இராது.

வெள்ளையே வந்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அதைத் திரும்பச் செம்பில் போடாமல் மடியில் வைத்துக் கொள்ளுங்கள். இப்போது செம்பில் இருப்பது நான்கு. அதில் வெள்ளை ஒன்று. ஆகவே அடுத்த கொட்டையும் வெள்ளையாக இருக்க வாய்ப்பு 4-ல் 1. வாய்ப்பு இறங்கிவிட்டது! முதல் கொட்டையைத் திரும்பப் போட்டிருந்தால், மறுபடியும் 5-ல் 2 என்றே இருந்திருக்கும்.

இரண்டு முறையும் வெள்ளை வர வாய்ப்பு என்ன? இரண்டையும் பெருக்க வேண்டும். 2/5 x 1/4. அதாவது 10-க்கு 1.

நம்பிக்கை வரவில்லையா? பெருக்க வேண்டாம். கொட்டைகளுக்குப் பெயர் வைத்து எண்ணிப் பாருங்கள். ஐந்து கொட்டையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் மொத்தம் 10 ஜோடி வரும். இரண்டும் வெள்ளையாக உள்ள ஜோடி ஒன்றே ஒன்று. ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு உள்ள ஜோடி ஆறு. இரண்டும் கறுப்பு மூன்று. 10-க்கு 1 என்பது சரிதானே! பள்ளிக்கூடத்தில் இதை நிகழ்தகவு என்று பெயர் சொல்லிக் கற்பிக்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் இவ்வளவுதான்.

ஒரே கவரா? இரண்டு கவரா?

இப்போது அண்ணன் தம்பியிடம் வருவோம். 100 பேர் மனுப் போட்டிருக்கிறார்கள், 40 இடம் இருக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக் கொள்வோம்.

இருவரும் ஒரே கவரில் போட்டால், அந்தக் கவர் விழ வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 40. விழுந்தால் இருவரும் சேர்ந்து கப்பல் ஏறலாம் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இந்தக் காலத்தில் விமானம் ஏறலாம்.

தனித்தனியாகப் போட்டால்?

அண்ணன் பேர் விழ 100-க்கு 40. விழுந்துவிட்டால், மீதி 99 பேர். மீதி இடம் 39. ஆகவே தம்பி பேரும் விழ 99-க்கு 39. இரண்டையும் பெருக்கினால், இருவரும் போக வாய்ப்பு 100-க்கு 16 கூட இல்லை!

இருவருக்கும் கிடைக்காமல் போக வாய்ப்பு 60/100 x 59/99. ஏறக்குறைய 100-க்கு 36. மீதி 48-ம் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காத வாய்ப்பு.

அண்ணன் சொன்னபடி, ஒருவருக்காவது கிடைக்க வேண்டும் என்றால் இரண்டு கவர் நல்லது. வாய்ப்பு 100-க்கு 40 என்பது 64 ஆகிறது. ஆனால் அந்த 64-ல் முக்கால் பங்கு, ஒருவர் போய் ஒருவர் நிற்கும் நிலை. தம்பி இல்லாமல் கண் மங்கிய அண்ணன் எப்படிப் போவார்? அண்ணனை விட்டுவிட்டுத் தம்பிதான் எப்படிப் போவார்? சேர்ந்து போவதே பெரிது என்றால், ஒரே கவர்தான் சரி. 16 எங்கே, 40 எங்கே!

இதில் தந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே கவரில் போட்டவர்களுக்கு ஹஜ் குழு சலுகை காட்டுவதும் இல்லை. கிடைத்தால் இருவருக்கும், இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை என்று இவர்களே தங்கள் அதிர்ஷ்டத்தை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கொள்கிறார்கள். அவ்வளவுதான்.

பெண்கள் கட்டும் குலுக்குச் சீட்டு

ஹஜ் குலுக்கல் ஆண்டுக்கு ஒரு முறை. மாதந்தோறும் நடக்கும் குலுக்கல் ஒன்று உண்டு. அது வீட்டுப் பெண்கள் கட்டும் குலுக்குச் சீட்டு. தஞ்சை ஜில்லாவில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுதும் இதை அறியாத தெரு இல்லை.

பத்துப் பெண்கள். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய். மொத்தம் பத்தாயிரம். பத்துப் பேர் பெயரையும் காகிதத் துண்டில் எழுதி, சுருட்டி, டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பணம். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் டப்பாவில் ஒன்பது சீட்டுத்தான். பணம் வாங்கியவரும் கடைசி வரை மாதா மாதம் கட்ட வேண்டும்.

இதில் ஒரு சண்டை வரும். "முதல் மாசத்துலயே எடுக்கிறவங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். நமக்கு எப்பவும் கடைசியிலதான் வரும்" என்பார் ஒருவர். "அப்படி இல்லக்கா. கடைசியில சீட்டுக் குறைஞ்சிடும். அப்பத்தான் நமக்குச் சுலபமா விழும்" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் தப்பு!

முதல் மாதம் ஒருவர் பெயர் விழ வாய்ப்பு 10-க்கு 1. இரண்டாம் மாதம்? முதல் மாதம் விழாமல் இருக்க வேண்டும். அதற்கு 10-க்கு 9. பிறகு ஒன்பது சீட்டில் ஒன்று நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்கு 9-க்கு 1. பெருக்கினால் ஒன்பதும் ஒன்பதும் அடிபட்டுப் போய், மறுபடியும் 10-க்கு 1! மூன்றாம் மாதமும் அப்படியே. பத்தாம் மாதமும் அப்படியே.

ஏன் இப்படி? பத்துச் சீட்டையும் ஒரே நாளில் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்துவிட்டதாக நினைத்துக் கொள்ளுங்கள். உங்கள் சீட்டு முதலாவதாகவும் இருக்கலாம், ஏழாவதாகவும் இருக்கலாம். எந்த இடத்துக்கும் தனிப் பாசம் கிடையாது.

ஆனால் ஒன்று. இது சீட்டுத் தொடங்கும் நாளில் போடும் கணக்கு. நான்கு மாதம் போய்விட்டது, உங்கள் பெயர் இன்னும் வரவில்லை என்றால், டப்பாவில் ஆறு சீட்டே பாக்கி. ஐந்தாம் மாதம் உங்களுக்கு 6-ல் 1. உங்கள் அதிர்ஷ்டம் கூடியதால் அல்ல. நால்வர் சீட்டு வெளியே போனது உங்களுக்குத் தெரிந்துவிட்டதால்!

இந்த வித்தியாசம் தெரியாமல் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. சித்திரையில் சீட்டுத் தொடங்குகிறது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். நகைக்கடைக்குப் பணம் ஆடிக்குள் வேண்டும். "எப்படியும் வந்துவிடும்" என்று நம்பி, ஒரு தாய் முன்பணம் கொடுத்துவிடுகிறார். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நான்கு மாதத்துக்குள் பெயர் விழ வாய்ப்பு 10-க்கு 4 மட்டுமே. விழாமல் போகவே 10-க்கு 6! கல்யாணச் செலவை இதை நம்பி வைப்பது கூடாது. குலுக்குச் சீட்டு சேமிப்புக்கு நல்லது. நாள் குறித்த செலவுக்கு நல்லது அல்ல.

சட்டமும் இந்தக் குலுக்கலை அறிந்தே இருக்கிறது. 1982-ம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டம், குலுக்கி எடுப்பதையும் ஏலம் விடுவதையும் சீட்டின் வகைகளாகச் சொல்கிறது. பரிசு விழுந்தவர் அதற்கு மேல் பணம் கட்ட வேண்டாம் என்ற பரிசுச் சீட்டு வேறு. அதை 1978-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

சீட்டை எடுக்க யாரைக் கூப்பிடுவார்கள்? பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையை! படிக்கத் தெரியாத பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த வழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழர் ஆட்சியில் இதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர்க் குடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டு கல்வெட்டுகள். தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் 12-ம் ஆண்டில் ஒன்று. 14-ம் ஆண்டில் மற்றொன்று. அதாவது கி.பி. 919, 921. முதலில் எழுதிய விதிகளைத் திருத்தி, விரிவாக எழுதியது இரண்டாவது. அப்போது சோழ நாட்டிலிருந்து அரசன் ஆணையோடு போய் அந்தச் சபையில் உட்கார்ந்த அதிகாரி, சோமாசிபெருமான் என்பவர்.

ஊரின் வாரியங்களுக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே விஷயம். ஊரில் 30 பிரிவுகள். பிரிவுக்குக் குடும்பு என்று பெயர். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலைத் துண்டில் எழுத வேண்டும். குடும்பு குடும்பாகக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். இதைத்தான் குடவோலை என்கிறோம்.

இளையோர், முதியோர் எல்லோரும் கூட வேண்டும். கோயில் நம்பிமாரில் முதியவர் ஒருவர் எழுந்து, கூட்டம் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன், ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். அதிலிருந்து ஓர் ஓலையைச் சிறுவன் எடுப்பான். அதை மத்தியஸ்தன் வாங்குவான். எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா? வாங்கியதை அவன் வாசிப்பான். பிறகு அங்கே உள்ள நம்பிமார் எல்லோரும் அதையே வாசிப்பார்கள்.

இப்படி 30 குடும்புக்கும் 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் வேலை. முடிந்ததும் விலக வேண்டும்.

குடத்துக்குள் எல்லார் பேரும் போய்விடவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் படிப்பும் வேண்டும். வேதம் நன்றாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். அது பிராமணர்களுக்குத் தானமாக அளித்த ஊர். பெண்களுக்கும் இடம் இல்லை. உழுதவனுக்கும் இடம் இல்லை. ஆகவே இதை இன்றைய தேர்தலோடு சேர்த்துப் புகழ்வது மிகை. ஆனால் குடத்துக்குள் போன பெயர்களுக்குள் யாரும் ஏமாற்ற முடியாதபடி அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவன் உறவினர் பெயரும் போகாது! மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவன் பெயரும் போகாது.

ஒன்றைக் கவனித்தீர்களா? குடும்புக்கு ஓர் ஆள்தான். 10 ஓலை உள்ள குடும்பில் ஒருவருக்கு வாய்ப்பு 10-க்கு 1. 40 ஓலை உள்ள குடும்பில் 40-க்கு 1. சின்னக் குடும்பில் இருப்பவனுக்கு நான்கு மடங்கு லாபம்!

குலுக்காததால் வந்த வினை

"குலுக்க வேண்டும்" என்று கல்லில் வெட்டினார்களே, அது சும்மா அல்ல. அமெரிக்காவில் நடந்த சங்கதியைக் கேளுங்கள்.

வியட்நாம் யுத்த காலம். இளைஞர்களை ராணுவத்துக்கு எடுக்க, 1969-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி வாஷிங்டனில் ஒரு குலுக்கல் நடந்தது. லீப் வருடத்துப் பிப்ரவரி 29 உள்பட 366 பிறந்த தேதிகள். ஒவ்வொன்றும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் குப்பியில். எந்தத் தேதி முதலில் வருகிறதோ, அன்று பிறந்தவர்கள் முதலில் போக வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடுவது கிடையாது. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14.

கடைசியில் 195-வது நம்பர் வரை உள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். 366-ல் 195 என்றால் பாதிக்குச் சற்று அதிகம். அப்படியானால் டிசம்பர் மாதத்து 31 தேதிகளில் பதினாறோ பதினேழோ அகப்பட்டிருக்க வேண்டும். அகப்பட்டது எத்தனை? 26!

ஜனவரி, பிப்ரவரி என்று மாதம் மாதமாகக் குப்பிகளைப் பெட்டியில் போட்டிருந்தார்கள். கடைசியில் போட்டது டிசம்பர். சரியாகக் கலக்கவில்லை. ஆகவே டிசம்பர் மேலேயே நின்றுவிட்டது. கணக்கு வல்லுநர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1970-ல் நடந்த அடுத்த குலுக்கலில் தேதிகளுக்கு ஒரு பீப்பாய், நம்பர்களுக்கு ஒரு பீப்பாய் என்று இரண்டு வைத்தார்கள்.

முதல் சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் ஒரே வாய்ப்பு என்று சொன்ன கணக்கெல்லாம், நன்றாகக் குலுக்கினால்தான். குலுக்காத டப்பாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பாதிச் சீட்டு மடித்தும் பாதிச் சீட்டு சுருட்டியும் இருந்தால், அதுவும் செல்லாது. சிறுவனின் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

பொன் வாரியத்துக்கு ஒரு தனி விதி

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. பொன் வாரியம் என்றும் பஞ்சவார வாரியம் என்றும் இரண்டு வாரியங்கள். இவற்றுக்கு 30 குடும்புக்கு 30 ஓலை எடுத்து, அந்த முப்பதையும் குடத்தில் போட்டு, 12 ஓலை எடுப்பார்கள். ஆறு பேர் பொன் வாரியம். ஆறு பேர் பஞ்சவாரம். அடுத்த ஆண்டு எடுக்கும்போது, முந்திய ஆண்டு இடம் பெற்ற குடும்புகளை விலக்கிவிட்டு, மற்றக் குடும்புகளிலிருந்தே எடுக்க வேண்டும். எடுத்த புளியங்கொட்டையைத் திரும்பச் செம்பில் போடாத அதே கணக்கு!

முதல் ஆண்டு ஒரு குடும்புக்கு வாய்ப்பு 30-ல் 12. அதாவது 5-ல் 2. கிடைக்காமல் நின்றவை 18 குடும்புகள். அடுத்த ஆண்டு அந்தப் பதினெட்டில் 12 எடுக்க வேண்டும். வாய்ப்பு 3-ல் 2 ஆக ஏறிவிடுகிறது. இரண்டு ஆண்டில் 24 குடும்புகள் வந்துவிடும். ஆறுதான் பாக்கி.

எல்லா ஓலையையும் திரும்பக் குடத்தில் போட்டுக் குலுக்கியிருந்தால்? இரண்டு ஆண்டிலும் இடம் கிடைக்காத குடும்புகள் சராசரியாகப் பதினொன்று இருக்கும். கெட்ட காலமாக இருந்தால், அதே 12 குடும்புகளே மறுபடியும் வந்து, 18 குடும்புகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கவும் கூடும். ஊர்ப் பொன் விவகாரம் இரண்டு ஆண்டும் அதே வீட்டாரிடம் என்றால், குடம் குலுக்கித்தான் வந்தது என்று சொன்னாலும் ஊர் நம்பியிருக்குமா?